அக்சஸில் ரிப்போர்ட் மட்டும் இழுக்கிறதா? பல வருடப் புழக்கத்தில் பிடிபட்டவை

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பில் போடும் ஃபார்ம் சட்டென்று திறக்கும். மாதக் கடைசியில் பாக்கி ரிப்போர்ட்டைத் தட்டினால் மட்டும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே ராம் வாங்கக் கிளம்ப வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

ரிப்போர்ட்டின் ரெக்கார்ட் சோர்ஸாக (தகவல் வரும் இடம்) இருக்கும் க்வெரியை, அதாவது டேபிள்களிலிருந்து வேண்டிய வரிகளை எடுத்துத் தரும் கட்டளையை, தனியாகத் திறங்கள். முதல் 20, 30 வரி உடனே வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அக்சஸ் திரைக்கு வேண்டியதை மட்டும் முதலில் காட்டும். கன்ட்ரோல் + எண்ட் அழுத்தி, கடைசி ரெக்கார்டுக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடுங்கள். அங்கேயே இழுத்தால் க்வெரியில் கோளாறு. அது வேகமாக இருந்தால் ரிப்போர்ட்டின் அமைப்பையோ பிரின்டரையோ சந்தேகப்படலாம்.

பெரும்பாலும் மாட்டுவது க்வெரிதான், அதிலும் வேறொரு டேபிளிலிருந்து கூட்டுத்தொகையைக் கொண்டுவரும் டிசம் (DSum), ஒரு மதிப்பைத் தேடித்தரும் டிலுக்அப் (DLookup) போன்ற ஃபங்ஷன்கள். 800 வாடிக்கையாளருக்கு விற்பனை, வரவு, சரக்கு ரிட்டர்ன் என்று மூன்று டிசம் எழுதினால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 2,400 தனித்தனி க்வெரி ஓடும். அதற்குப் பதில், வாடிக்கையாளர் எண்வாரியாகத் தொகுத்து (குரூப் பை) மூன்று டோட்டல் க்வெரி எழுதி, மூன்றையும் வாடிக்கையாளர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள் (பொருந்தும் வரி இல்லாத வாடிக்கையாளரும் விடுபடாமல் வருவார்). மூன்று டேபிளையும் ஒரே க்வெரியில் சேர்த்துக் கூட்டினால் வரிகள் பெருகி, தொகை தப்பாக வரும். ஒவ்வொன்றையும் கூட்டிவிட்டு அப்புறம் இணைக்க வேண்டும். வரவே இல்லாதவருக்கு நல் (Null, அதாவது வெற்று மதிப்பு) வரும் என்பதால் அதைப் பூஜ்யமாக்க என்இசட் (Nz) ஃபங்ஷன் போட்டுவிடுங்கள்.

அடுத்தது தேதி. இயர்([பில்தேதி])=2024 என்று எழுதினால் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் உள் பட்டியல்) பயன்படாது, ஒவ்வொரு வரியையும் படித்து வருடத்தைக் கணக்கிடும். [பில்தேதி]>=#2024-01-01# அன்ட் [பில்தேதி]<#2025-01-01# என்று எழுதி, அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் கொடுங்கள். க்வெரியை எழுத்தாகக் காட்டும் எஸ்கியூஎல் வியூவில் #01/04/2024# என்று எழுதுவது ஆபத்து. நாம் ஏப்ரல் 1 என்று நினைப்பதை அது ஜனவரி 4 என்று எடுத்துக்கொள்ளும். வருடம் முன்னால் வரும்படி எழுதினால் குழப்பமே இல்லை.

இன்டெக்ஸ் நல்லதுதான், ஆனால் கண்டதுக்கெல்லாம் வேண்டாம். ரிலேஷன்ஷிப்பில் (இரண்டு டேபிளுக்கு இடையே வைக்கும் இணைப்பு) ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி, அதாவது ஒரு டேபிளில் இல்லாத எண்ணை மற்றதில் ஏற்காத விதி, வைத்திருந்தால், இணைக்கும் ஃபீல்டுக்கு அக்சஸ் தானாகவே மறைவாக ஒரு இன்டெக்ஸ் வைத்திருக்கும். நாம் இன்னொன்று போடுவது வெறும் சுமை. ஒரு பட்டியலில் இல்லாதவற்றைத் தேட 'நாட் இன்' போட்டு எழுதிய சப்க்வெரி (க்வெரிக்குள் இன்னொரு க்வெரி) இருந்தால், லெஃப்ட் ஜாயின் செய்து 'இஸ் நல்' என்று மாற்றிப் பாருங்கள். ரிப்போர்ட்டுக்கான க்வெரியில் ஆர்டர் பை (வரிசைப்படுத்தல்) வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் குரூப் அண்ட் சார்ட்டில் சொன்ன வரிசைதான் அச்சில் வரும்.

க்வெரி மேல் க்வெரி அடுக்கி, மேலே நான்கு குரூப் லெவலும் வைத்த ரிப்போர்ட்டுக்கு எங்கள் தீர்ப்பு ஒன்றே: முடிவைத் தற்காலிக டேபிளில் எழுதிவிட்டு, ரிப்போர்ட்டை அந்த டேபிளிலிருந்து ஓட்டுங்கள். அந்த டேபிளைத் தனி ஏசிசிடிபி (அக்சஸ் டேட்டாபேஸ்) கோப்பில் வைத்து லிங்க் செய்வது நல்லது. அழித்து எழுதி, அழித்து எழுதி ஊதிப்போகும் கோப்பு அது. டெலீட் செய்த வரியின் இடம் காம்பாக்ட் (கோப்பைச் சுருக்கும் வேலை) செய்யும்வரை திரும்ப வராது, ஒரு கோப்பின் உச்ச வரம்போ 2 ஜிபி.

அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது பக்க எண். 'பக்கம் 1 / 45' என்று போட்டிருந்தால், மொத்தப் பக்கம் தெரிவதற்காக முழு ரிப்போர்ட்டையும் அடுக்கி முடித்த பிறகே முதல் பக்கத்தைக் காட்டும். பக்க எண் மட்டும் போதுமென்றால் மொத்தத்தை எடுத்துவிடுங்கள். டீட்டெயில் பகுதியில் சப்ரிப்போர்ட் (ரிப்போர்ட்டுக்குள் இன்னொரு ரிப்போர்ட்) வைத்தால் வரிக்கு ஒருமுறை அதன் க்வெரி ஓடும். ஜாயினில் முடிகிற வேலைக்கு சப்ரிப்போர்ட் வேண்டாம். படங்களை டேபிளுக்குள்ளேயே வைக்கும் ஓஎல்இ ஃபீல்டில் திணிக்காமல், கோப்பின் பாதையை மட்டும் டேபிளில் வைத்து இமேஜ் கன்ட்ரோலில் காட்டுங்கள்.

பிரின்டர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ரிப்போர்ட் திறக்கும்போது தாள் அளவு, மார்ஜின் எல்லாம் பிரின்டர் டிரைவரிடம் கேட்கப்படும். டிஃபால்ட்டாக இருப்பது அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரின்டர் என்றால் பதில் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்'பை டிஃபால்ட்டாக்கிப் பாருங்கள். வேகம் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. விண்டோஸ் 10, 11இல் டிஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்ற அமைப்பையும் அணைத்துவிடுங்கள், கடைசியாக அச்சடித்த பிரின்டரை அது டிஃபால்ட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

பல கம்ப்யூட்டரில் ஓடுகிறதென்றால் டேபிள்கள் மட்டும் சர்வரில் பேக் எண்டாக இருக்கட்டும். ஃபார்ம், க்வெரி, ரிப்போர்ட் உள்ள ஃப்ரன்ட் எண்ட் ஆளுக்கொரு நகலாக அவரவர் டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வேலை செய்யும் நேரத்தில் பேக் எண்ட் ஃபோல்டரைத் திறந்து வைத்துப் பாருங்கள். எல்ஏசிசிடிபி என்ற லாக் கோப்பு தோன்றித் தோன்றி மறைந்தால், ஒவ்வொரு முறையும் இணைப்பைப் புதிதாகத் திறக்கிறது என்று பொருள். பேக் எண்டில் உள்ள ஒரு சின்ன டேபிளோடு இணைத்த ஃபார்மை, அக்சஸ் தொடங்கியதுமே மறைவாகத் திறந்து வைத்துவிட்டால் அது நின்றுவிடும். இதற்கு ஐந்து நிமிட வேலைகூட ஆகாது, பலன் அவ்வளவு பெரிது. கூடவே பெயர் மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்கும் நேம் ஆட்டோகரெக்ட்டை அணைத்து, ஒவ்வொரு டேபிளிலும் சப்டேட்டாஷீட் நேமை (வரிக்குக் கீழே தொடர்புள்ள டேபிளைக் காட்டும் அமைப்பு) ஆட்டோவிலிருந்து நன் (None) ஆக்குங்கள்.

காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் மாதம் ஒருமுறை போதும். எல்லோரும் வெளியேறிய பிறகு, நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். 'காம்பாக்ட் ஆன் க்ளோஸ்' ஃப்ரன்ட் எண்டில் போட்டால் அந்தக் கோப்பு மட்டுமே சுருங்கும், பேக் எண்ட் அப்படியே இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு டேபிள்களை எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றுவதாக இருந்தாலும், டிசம் உள்ள அதே க்வெரியை லிங்க் டேபிளில் ஓட்டினால் பழைய இழுவை அப்படியே தொடரும். கூட்டல் வேலையை பாஸ் த்ரூ க்வெரியாக (சர்வருக்கே நேரடியாகப் போகும் க்வெரி) எழுதி சர்வரிலேயே முடித்து, வரும் விடையை மட்டும் ரிப்போர்ட்டுக்குக் கொடுங்கள்.