ஆடித் தள்ளுபடியில் பட்டு வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

23,800 ரூபாய். நேத்து ராத்திரி தூங்கல.

ஆவணியில தங்கச்சி கல்யாணம். எட்டாயிரத்துக்குள்ள ஒரு பட்டுப்புடவை எடுக்கத்தான் தி.நகர் போனேன். நாலு மாடி ஜவுளிக்கடை, வாசல்லயே '50% ஆடித் தள்ளுபடி'. சீட்டுல 23,800னு அடிச்சு, சிவப்பு மையில கோடு போட்டு, கீழே 11,900. அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் எட்டாயிரம் மறந்தே போச்சு. பாதி லாபமாச்சேனு அம்மாவுக்கும் ஒண்ணு எடுத்தேன். பாதி விலைன்னு போயி முழு விலையைக் கட்டிட்டு வந்த புத்திசாலி நான்தான்.

விற்ற பையன் புடவையை என் தோள்ல போட்டுக் கண்ணாடி முன்னாடி நிறுத்தி, "போன மாசம் எங்க அக்கா நிச்சயத்துக்கு இதேதான் எடுத்தோம், அசல் காஞ்சிப் பட்டுக்கா" என்றான். அக்கான்னு கூப்பிட்டதும் நம்பிட்டேன். அசல் பட்டுன்னு சான்று சொல்ற சில்க் மார்க் அட்டை எங்கேன்னு கேட்டேன். "ஆஃபர் ஸ்டாக்ல பிரிச்சிருப்பாங்க, பில்லே போதும்கா."

குச்சு கட்டக் கொடுத்தேன். குச்சு கட்டற அக்கா முந்தானையில ஒரு இழையை உருவிக் கொளுத்தினாங்க. பட்டுன்னா முடி கருகற வாசம் வரும், சாம்பல் விரல்ல பொடியாகும். இது பிளாஸ்டிக் மாதிரி உருகி, கெட்டியா உருண்டுக்கிச்சு. ரெண்டு புடவையுமே!

கடைக்கு ஓடினேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார். அப்புறம் மூணாவது மாடியில கேளுங்க. அங்கே பில்லைத் திருப்பிக் காட்டினாங்க: தள்ளுபடிப் பொருள் திரும்பப் பெறப்படாது. பில்லுல 'பட்டு'ன்னு ஒரு எழுத்து இல்ல, வெறும் 'சேலை'. "நாங்க பட்டுன்னு எழுதிக் கொடுத்தோமா மேடம்?" வாங்கும்போது அக்கா, இப்போ மேடம். போன் பண்ணா எடுக்கறதில்ல.

நாலு வரி நல்லா விளக்கமா எழுதணும்னு உட்கார்ந்தேன், கை நடுங்குது. சில்க் மார்க் அட்டை இல்லாம எடுக்காதீங்க. பில்லுல 'பட்டு'ன்னு எழுதச் சொல்லுங்க. கோடு போட்ட விலையைப் பார்க்கவே பார்க்காதீங்க. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், கடைக்காரன் பில்லுல என்ன அச்சடிச்சாலும் பயப்படாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கு. குச்சு கட்டாத ரெண்டு புடவையும் பீரோ மேல கிடக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. 23,800 ரூபாய்ங்க.