தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பொருளாதாரம்: இரண்டரை ஆண்டு அனுபவம்

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடம் தமிழ் வழி. மதுரையில் படித்த பி.ஏ. பொருளாதாரமும் தமிழ் வழிதான். 2023 ஜூலையில் எம்.ஏ. சேர்ந்தபோது பாடம், புத்தகம், செமினார், தேர்வு எல்லாமே ஆங்கிலமாகிவிட்டது. முதல் வாரத்திலேயே விவசாயக் கடன் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துப் படித்து வரச் சொன்னார்கள். அதில் முதல் பக்கத்தைத் தாண்டவே ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அதிலிருந்து இன்றுவரை எதையெதைப் பயன்படுத்தினேன், எது நிலைத்தது, எதைப் பாதியில் விட்டேன் என்று எழுதுகிறேன். இதே நிலையில் ஒருவராவது இப்போது இருப்பார் என்று தெரியும்.

முதலில் பணம் செலவழித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மூன்று மாதம் போனேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, ஹோட்டலில் ஆர்டர் சொல்வது, இன்டர்வியூவில் பேசுவது என்று நடத்தினார்கள். கூச்சம் போனது, அது நிஜமான லாபம். ஆனால் கட்டுரையின் இரண்டாம் பக்கம் அப்படியே இருந்தது. என் தேவை வேறு என்று எனக்கே அப்போது தெரியாது, அவர்களிடம் கேட்கவும் தெரியவில்லை.

தடை எங்கே இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. எலாஸ்டிசிட்டி, இன்ஃப்ளேஷன், மொனாப்பலி போன்ற பாடச் சொற்கள் சிரமமே தரவில்லை. நெகிழ்ச்சி, பணவீக்கம், முற்றுரிமை என்று அவற்றைத் தமிழில் நன்றாகப் படித்திருந்தேன். பாடச் சொற்களுக்கு நடுவே வரும் சாதாரணச் சொற்கள்தான் காலை வாரின. ‘அக்கவுன்ட்ஸ் ஃபார்’ என்று ஒரு கட்டுரையில் பத்து இடத்தில் வந்தது. கணக்கு வழக்கு என்று நினைத்துப் படித்தேன். மொத்தத்தில் இவ்வளவு பங்கு என்றும், சில இடங்களில் இதுதான் காரணம் என்றும் அதற்குப் பொருள். அது தெரியாமல் அட்டவணையும் புரியாது, அதற்குக் கீழே எழுதியிருப்பதும் புரியாது.

இந்த நடுச்சொற்களைப் பிடிக்க ஒரு சீனியர் அக்கா காட்டிய வழி, அகாடமிக் வேர்ட் லிஸ்ட். நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியல் அது. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாட நூல், ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பிலிருந்து 570 சொற்குடும்பங்களைப் (ஒரே வேரிலிருந்து கிளைக்கும் சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) பிரித்தெடுத்திருக்கிறார். பல்கலைக்கழக எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இதிலிருந்து வருகிறது. முதல் அறுபதிலேயே இன்கம், லேபர், பாலிசி, செக்டர், எக்ஸ்போர்ட் எல்லாம் இருப்பதைப் பார்த்துத் தைரியம் வந்தது.

ஆனால் நான் அதைப் பயன்படுத்திய முறை தவறு. நாளைக்குப் பத்துச் சொல் என்று தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்தேன். இரண்டு மாதத்தில் பட்டியல் முடிந்தது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. சொல் தனியாக வராது, கூட்டாளியோடுதான் வரும். கன்க்ளூஷன் என்று எழுதினால் அதற்கு முன்னால் ‘டிரா’ வரவேண்டும். ‘அஸ்யூம்’ என்றால் ஊகிப்பது என்று எழுதி வைத்திருந்தேன். பொருளாதாரத்தில் அது ‘மற்றவை மாறாது என்று வைத்துக்கொள்வோம்’ என்னும்போது வரும் ‘வைத்துக்கொள்வோம்’. இப்போது பட்டியலைச் சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறேன். படிக்கும் கட்டுரையில் ஒரு சொல்லைச் சந்தித்தால், அந்த முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

இத்தனை நாளில் எனக்கு அதிகம் பலன் தந்தது எது என்று கேட்டால், தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் புத்தகம் என்றுதான் சொல்வேன். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. பாட வரிசை ஒன்றே. தமிழில் ஒரு பத்தி படிப்பேன், அடுத்து அதே பத்தியை ஆங்கிலத்தில் படிப்பேன், இரண்டையும் மூடிவிட்டு நானாக ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பேன். பொருள் ஏற்கெனவே மனதில் இருப்பதால் கவனம் முழுக்க மொழியில் நின்றது. சமநோக்கு வளைகோடு இன்டிஃபரன்ஸ் கர்வ் ஆனது, வாய்ப்புச் செலவு ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் ஆனது. விலை குறைந்து அதிகம் வாங்குவது தேவை விரிவு, வருமானம் உயர்ந்து வளைகோடே இடம் மாறுவது தேவை அதிகரிப்பு என்று தமிழில் பிரித்துப் படித்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். எம்.ஏ. படிக்கும்போது பிளஸ் ஒன் புத்தகமா என்று யாரும் தயங்க வேண்டாம். மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம், அதுதான் எனக்கு அடித்தளம்.

அந்தப் பயிற்சியில்தான் இன்னொன்றும் தெரிந்தது. நாம் காரணத்தை முன்னால் வைத்து, வினையைக் கடைசியில் வைக்கிறோம். ‘பனி விழுந்து, மொட்டு குறைந்து, வரத்து சரிந்ததால் மல்லிகை விலை ஏறியது.’ இதே ஒழுங்கில்தான் என் ஆங்கிலப் பத்தியும் வரும். முடிவு கடைசி வரியில் இருக்கும். ஆங்கிலக் கட்டுரைகளில் பெரும்பாலும் பத்தியின் முதல் வாக்கியமே முடிவு, விலை ஏறியது என்பது முதலில், காரணங்கள் பின்னால். அதனால் நான் தமிழ் மனதோடு பத்தியை எழுதிவிட்டு, கடைசி வாக்கியத்தை எடுத்து மேலே வைத்துப் பார்ப்பேன். பாதிப் பத்திகள் அதிலேயே சரியாகிவிடும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் பற்றியும் சொல்ல வேண்டும். ஜான் மார்லி தொகுத்தது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். போக்கை விவரிப்பது, காரணத்தை விளக்குவது, எச்சரிக்கையோடு சொல்வது என்று வேலைவாரியாக, நம் விஷயத்தை நிரப்பிக்கொள்ளும் வாக்கியச் சட்டகங்கள் இருக்கின்றன. வரைபடத்தை விவரிக்கும் பகுதி எனக்குத் தினமும் உதவியது. அதே நேரம், சட்டகங்களை மட்டும் அடுக்கினால் பார்க்கப் பந்தாவாக இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. முதல் செமஸ்டர் அசைன்மென்ட் ஒன்று அப்படித்தான் போனது.

எச்சரிக்கையோடு சொல்வது என்றால் என்ன என்று புராஜெக்ட் செய்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நாற்பது வியாபாரிகளிடம் பேசினேன். ஓர் அக்கா சொன்னார்: “முகூர்த்த நாள்ல விலையப் பாத்தா வாங்குவாங்க தாயி? கல்யாணத்துக்குப் பூ வேணும், அவ்வளவுதான்.” நெகிழ்ச்சியற்ற தேவைக்கு, அதாவது விலை ஏறினாலும் அதிகம் குறையாத தேவைக்கு, இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் அறிக்கையில் விலை ‘சிக்னிஃபிகன்ட்’டாக ஏறுகிறது, முகூர்த்தம்தான் அதற்குக் காரணம் என்று எழுதிவிட்டேன். மேடம் அந்தச் சொல்லைச் சுழித்துவிட்டுக் கேட்டார்.

“இதுக்கு என்ன டெஸ்ட் பண்ணினம்மா?”

“டெஸ்ட் எதுவும் பண்ணல மேடம். ரொம்ப ஏறுதுன்னு சொல்ல எழுதினேன்.”

“அப்ப வேற சொல் போடு. இந்தச் சொல்லப் போட்டா டெஸ்ட் எங்கேன்னுதான் கேப்பாங்க.”

புள்ளியியலில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால், தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று சோதனை செய்து காட்டியது என்று பொருள். முகூர்த்தம் வரும் மாதத்தில் பனியும் இருக்கிறதே, எது காரணம் என்று எப்படிச் சொல்வாய் என்றும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ‘காசஸ்’ (காரணமாகிறது) என்று எழுதிய இடங்களை எல்லாம் ‘இஸ் அசோசியேட்டட் வித்’ (தொடர்புடையது) என்று மாற்றினேன். இது பயந்து எழுதுவது இல்லை. நாற்பது பேரிடம் கேட்டவருக்கு எவ்வளவு சொல்ல உரிமை உண்டோ அவ்வளவு சொல்வது. ‘ஏறியிருக்கக்கூடும்’ என்று நாம் வினையின் வாலில் வைப்பதை அவர்கள் ‘மே’ என்று வினைக்கு முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதனால்தான் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இப்போது கவனமாகத் தொடுகிறேன். என் பத்தியைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அழகாகத் திரும்பி வந்தது, ஆனால் ‘அசோசியேட்டட் வித்’ இருந்த இடத்தில் ‘லீட்ஸ் டு’ (இதனால் அது நடக்கிறது) இருந்தது. இலக்கணம் சரி, என் முடிவு மாறிப்போயிருந்தது. ‘எந்த வாக்கியம் புரியவில்லை’ என்று கேட்க மட்டும் அதை வைத்திருக்கிறேன். திருத்தி எழுதுவது நான்தான்.

வாசிப்புக்கு, ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை முடிவு அறிக்கை (மானிட்டரி பாலிசி ஸ்டேட்மென்ட்). இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே அமைப்பில் வருவதால் மூன்றாவது அறிக்கையிலிருந்து வேகம் கூடும். எண்களை எழுதும் முறையும் அதில்தான் பழகினேன். 2025 பிப்ரவரியில் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆனது. 0.25 சதவீதம் குறைந்தது என்று எழுதியிருந்தேன். குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதமாகக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 3.8. இவ்வளவு குறைந்தது என்பதற்கு ‘பை’, இந்த அளவுக்கு வந்தது என்பதற்கு ‘டு’ என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

படித்த இடம் பெரும்பாலும் மதுரையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். நான் எம்.ஏ. சேர்ந்த அதே 2023 ஜூலையில்தான் திறந்தார்கள். சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து புது நத்தம் சாலைக்குப் போவேன். வீட்டில் கிடைக்காத அமைதியும் மேசையும் அங்கே கிடைத்தன. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்திலும் ஒரு கோர்ஸ் பார்த்தேன். பார்ப்பதற்குக் காசில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். வீடியோ நீளம், முழுதாக முடிக்கவில்லை.

இப்போது ஒரு கட்டுரையை ஒரு சாயங்காலத்தில் முடிக்கிறேன். கேட்பது இன்னும் சிரமம்தான். கீன்ஸ் என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்த பொருளாதார அறிஞரின் பெயரை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அப்படியே சொன்னேன், தேர்வாளர் கெய்ன்ஸ் என்று திருத்தினார். கண்ணால் படித்த ஆயிரம் சொற்கள் காதுக்குப் புதியவை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் சப்டைட்டிலை அணைத்துவிட்டு, முக்கால் வேகத்தில் தினமும் இருபது நிமிடம் பொருளாதார விரிவுரை கேட்கிறேன். நாற்பது நாள் ஆகிறது. போன வாரம் முதல் முறையாக முழு வேகத்தில் ஒன்றைக் கேட்டேன், நடுவில் இரண்டு இடத்தில் மட்டும்தான் நிறுத்தினேன்.