பிளாக்ஜாக் ஸ்விட்ச்: ரொம்ப நாள் ஆடிய பிறகு சொல்கிறேன்

கைப்பேசியில் இலவசக் காசுக்கு ஆடும் பிளாக்ஜாக் (21ஐத் தாண்டாமல் டீலரை, அதாவது சீட்டுப் போடுபவரை, வெல்லும் சீட்டாட்டம்) வகைகளில் நான் விடாமல் ஆடி வருவது ஸ்விட்ச் ஒன்றைத்தான். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம், சீனப் பெருநாள் வந்தால் வீட்டுக்கு வீடு பான் லக் என்ற 21 ஆட்டம் நடக்கும், தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே ஸ்விட்சுக்குக் கொண்டுபோனால் காசு கரைந்துவிடும். பான் லக்கில் ஏஸும் பத்தும் சேர்ந்தால் பெரும்பாலான வீடுகளில் இரட்டிப்பு, ஐந்து சீட்டு எடுத்தும் 21ஐத் தாண்டாவிட்டால் அதற்கும் இரட்டிப்பு. ஸ்விட்சில் அந்தத் தாராளமெல்லாம் இல்லை.

ஆட்டம் இதுதான். ஒரே அளவு பந்தயம் வைத்து இரண்டு கை ஆட வேண்டும், இரண்டு கையிலும் இரண்டாவதாக வந்த சீட்டை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு கையில் 10, 5. இன்னொன்றில் 6, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆட்டத்தில் 15, 16 என இரண்டுமே உதவாத கை. மாற்றினால் ஒன்று 20, மற்றது 11, அதை அப்படியே டபுள் செய்யலாம், அதாவது பந்தயத்தை இரட்டித்து இன்னும் ஒரே ஒரு சீட்டு எடுக்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஜெஃப் ஹால், ஃப்ரீ பெட் பிளாக்ஜாக்கும் அவருடையதுதான்.

சரி, இவ்வளவு சலுகை கொடுத்தால் கடைக்காரன் எப்படிப் பிழைப்பான்? இரண்டு விதிகள் இருக்கின்றன. பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்தும், வந்தால் வழக்கமான மூன்றுக்கு இரண்டு (இரண்டு வைத்தால் மூன்று) கிடையாது, வைத்த அளவுதான் வரும். இது மட்டுமே ஆடுபவருக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் நட்டம். அடுத்தது டீலரின் 22. டீலர் சரியாக 22 எடுத்தால் அது அவருக்குத் தோல்வி இல்லை, நம் பந்தயம் நமக்குத் திரும்பி வரும், அவ்வளவுதான். பிளாக்ஜாக் வைத்திருப்பவருக்கு மட்டும் வெற்றி. சுமார் 7 விழுக்காடு ஆட்டங்களில் இது நடக்கிறது, 20 வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வந்தால் வயிறு எரியும். இரண்டையும் கழித்து, எட்டுக் கட்டுச் சீட்டில், மாற்றுவதையும் சரியாகச் செய்தால் வீட்டுக்கு, அதாவது ஆட்டம் நடத்தும் கேசினோவுக்கு, சாதகம் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். பிளாக்ஜாக்குக்கு ஆறுக்கு ஐந்து கொடுக்கும் மேசைகளைவிட இது எவ்வளவோ நியாயம் என்பது என் முடிவு.

அந்த 22 இருப்பதால் பழைய பாடம் சிலது மாறும். டீலரின் திறந்த சீட்டு 4 ஆக இருந்து நம் கையில் 12 என்றால் சாதாரண பிளாக்ஜாக்கில் நிறுத்திக்கொள்வோம், இங்கே இன்னொரு சீட்டு கேட்க வேண்டும். டபுள் செய்வதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். எதை மாற்றுவது என்பதுதான் இதில் உண்மையான திறமை: 18, 19 என இருக்கும் கைகள் மாற்றினால் 20, 17 ஆகின்றன, எது நல்லது? டீலரின் திறந்த சீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதே இதனால்தான்.

நான் ஆடும் செயலியில் குறிப்பு கொடுக்கும் பொத்தான் இருக்கிறது, நாம் முடிவெடுத்த பிறகுதான் சரியா தப்பா என்று சொல்லும், கற்றுக்கொள்ள அருமையான ஏற்பாடு. குறை என்னவென்றால் மாலையில் மழை பிடித்து லைன் போனால், நேரம் முடிந்ததும் அதுவே நிறுத்திவிடுகிறது, 11 வைத்திருந்தாலும் சரி. அப்புறம் இடையிடையே ரிங்கிட் கட்டி ஆடச் சொல்லும் விளம்பரங்கள். அதைத் தொடாதீர்கள் தம்பிகளா. நம் நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங்கில் மட்டும்தான், 1953ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன, காசு போனால் யாரிடம் போய்க் கேட்பது?

சூப்பர் மேட்ச் என்று ஒரு பக்கப் பந்தயமும் உண்டு. முதல் நான்கு சீட்டில் ஜோடி வந்தால் ஒரு மடங்கு, ஒரே எண் மூன்று வந்தால் ஐந்து, இரண்டு ஜோடிக்கு எட்டு, நான்கும் ஒன்றாக வந்தால் நாற்பது. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் எட்டுக் கட்டுச் சீட்டில் அதில் வீட்டுக்குச் சாதகம் சுமார் ஒன்றரை விழுக்காடு, நான் அமைப்பில் போய் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.