பவர் கிரிட் பங்கு: டிவிடெண்ட் உண்மையில் எவ்வளவு குறைந்தது?

பவர் கிரிட், மாநிலங்களுக்கிடையே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தடங்களை நடத்தும் மத்தியப் பொதுத்துறை நிறுவனம். அதன் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் பகீரென்று இருக்கும். 2022-23க்குப் பங்குக்கு 14.75 ரூபாய், 2023-24க்கு 11.25, 2024-25க்கு 9. இரண்டே ஆண்டில் 39 சதவீதம் காணாமல் போனது போலத் தெரியும். அது பாதிதான் உண்மை.

2023 செப்டம்பரில் மூன்று பங்குக்கு ஒரு பங்கை இலவசமாக, போனஸாகக் கொடுத்தார்கள். 14.75 ரூபாய் போனஸுக்கு முந்தைய பங்குக்குக் கிடைத்தது. அதில் முக்கால் பங்கை எடுத்தால்தான் இன்றைய பங்கோடு ஒப்பிட முடியும்: 11.06 ரூபாய். ஆக முதல் ஆண்டில் நடந்தது சரிவே இல்லை, 19 பைசா ஏற்றம். விலை வரைபடங்கள் போனஸுக்கு ஏற்ப பழைய விலையைத் திருத்திக் காட்டும். டிவிடெண்ட் பட்டியல்கள் பல அப்படித் திருத்துவதில்லை. திருத்திய விலையையும் திருத்தாத டிவிடெண்டையும் சேர்த்து வகுத்தால், பழைய ஆண்டுகளின் ஈவு விகிதம் (விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது) இல்லாத அழகோடு தெரியும். 2021 ஜூலையிலும் இதே 3க்கு 1 போனஸ் வந்ததால், அதற்கு முந்தைய தொகைகளை இருமுறை முக்காலாக்க வேண்டும், அதாவது பதினாறில் ஒன்பது பங்கு.

உண்மையான வெட்டு 11.25இலிருந்து 9க்கு இறங்கியதுதான். லாபம் விழுந்ததால் அல்ல. ஒருங்கிணைந்த நிகர லாபம் 15,573 கோடியிலிருந்து 15,521 கோடி. கிட்டத்தட்ட அதே இடம். லாபத்தில் பங்குதாரருக்குப் போன அளவுதான் 67 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. ராஜஸ்தான், குஜராத் சூரிய மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் தடங்களுக்குப் பணம் தேவை, கையிலிருப்பதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் சுமார் 8,370 கோடி வழங்கியிருக்கிறார்கள். பொதுத்துறை நிறுவனங்களுக்கு 2024 நவம்பர் விதி கேட்கும் குறைந்தபட்சம், லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்த மிச்சத்தில்) 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. 51.34 சதவீதம் வைத்திருக்கும் மத்திய அரசே பெரிய பங்குதாரர் என்பதால், டிவிடெண்ட் அடியோடு நிற்கும் என்ற பயம் தேவையில்லை.

இந்த லாபம் ஏன் இவ்வளவு ஆடாமல் இருக்கிறது? பழைய தடங்களில் கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 100 கோடியில் ஒரு தடம் போட்டால் 70 கோடி கடன், 30 கோடி சொந்த மூலதனம் என்று கணக்கு. அந்த 30 கோடிக்கு ஆண்டுக்கு 15.5 சதவீதம், அதாவது 4.65 கோடி வருமானம் உண்டு. கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது பொருட்டல்ல, தடம் தயாராக இருந்ததா என்பதே கேள்வி. மாறுதிசை மின்னோட்ட (ஏசி) தடத்துக்கு 98 சதவீத நேரம் தயார்நிலை இருந்தால் முழுக் கட்டணம், 98.5ஐத் தாண்டினால் ஊக்கத்தொகை.

இனிமேல் இவ்வளவு சொகுசு இல்லை. 2024 ஏப்ரலுக்குப் பின் இயங்கத் தொடங்கும் புதிய தடங்களுக்கு 15 சதவீதம்தான். அதைவிட முக்கியம், புதிய திட்டங்களில் பெரும்பாலானவை இப்போது ஏலத்தில் போகின்றன. குறைந்த ஆண்டுக் கட்டணம் கேட்டவருக்கே வேலை. இரும்பு, அலுமினியம் விலை ஏறினாலும், கோபுரம் நட நிலத்துக்காரர் சம்மதிக்காமல் வேலை இழுத்தாலும், சுமை நிறுவனத்தின் தலையில். காலாண்டு அறிக்கை வந்தால் லாப வரியைவிட, எவ்வளவு கோடி மதிப்புள்ள தடங்கள் இயக்கத்துக்கு வந்தன என்பதைப் பாருங்கள். செலவு செய்துவிட்டு இயக்கத்துக்கு வராத தடம் ஒரு பைசா ஈட்டாது.

2007இல் 52 ரூபாய்க்கு முதல் பங்கு வெளியீட்டில் வாங்கியவருக்கு, இரண்டு போனஸுக்குப் பின் அடக்கவிலை 29.25 ரூபாய். அவருக்கு 9 ரூபாய் டிவிடெண்ட் 30 சதவீதத்துக்கும் மேல். 300 ரூபாய்க்கு வாங்குபவருக்கு அதே 9 ரூபாய் 3 சதவீதம், வங்கி வைப்பு வட்டியைவிடக் குறைவு. டிவிடெண்டுக்காக மட்டும் என்றால் அந்த விலை கட்டுப்படியாகாது. தடங்கள் பெருகி லாபமும் பெருகும் என்று ஐந்தாறு ஆண்டு காத்திருப்பவருக்கே பொருந்தும்.

டிவிடெண்ட் பெரும்பாலும் மூன்று தவணையில் வரும்: நவம்பர், பிப்ரவரியில் இடைக்காலம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி இறுதி. டிவிடெண்ட் பெறத் தகுதியானவர்களைக் கணக்கெடுக்கும் பதிவுத் தேதி வியாழன் என்றால் புதன் சந்தை முடிவதற்குள் வாங்கியிருக்க வேண்டும். வியாழன் காலை வாங்கினால் கிடைக்காது. விலையும் ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். எனவே அதற்காக ஒரு நாள் முன்னால் ஓடிப்போய் வாங்குவதில் லாபமில்லை, வரிதான் மிச்சம்.

2025-26 முதல், ஒரு நிறுவனத்திலிருந்து வரும் டிவிடெண்ட் ஆண்டில் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள். பான் எண் சரியில்லை என்றால் 20. பங்குக்கு 9 ரூபாய் என்றால் 1,111 பங்கு வரை பிடித்தம் இல்லை. பிடிக்காவிட்டாலும் அது வரிக்குரிய வருமானமே. பழைய வங்கிக் கணக்கை மூடியவர்கள் பங்குகள் இருக்கும் டிமேட் கணக்கிலும் புதிய வங்கிக் கணக்கு எண்ணைப் பதிந்துவிட வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் பெறப்படாமல் கிடந்தால், அந்தப் பணத்தோடு பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்; தனியே விண்ணப்பித்துத்தான் மீட்க வேண்டும்.