வேதியியல் பிஎச்.டி.: இங்கேயா, ஜெர்மனியா, அமெரிக்காவா?

எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது ஸ்டைபண்ட் எவ்வளவு என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, சேரப்போகும் இடத்தில் என்எம்ஆர் கருவி, அதாவது நாம் தயாரித்த மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி, இருக்கிறதா என்று.

ஸ்டைபண்டில் நம் ஊர் மோசமில்லை. நெட் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதை எந்த லேபுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பேட்டரி, அரிமானம் என்று ஆர்வம் இருந்தால் காரைக்குடி சிக்ரியே மின்வேதியியலுக்கென்று இருக்கும் தேசிய ஆய்வகம். நான் சேர்ந்த கல்லூரியில் என்எம்ஆர் இல்லை. வெளியே காசு கட்டி மாதிரியை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். ஸ்பெக்ட்ரம், அதாவது கருவி தரும் வரைபடம், வந்து பார்த்தால் கரைப்பானின் பீக் மட்டும் பெரிதாக நிற்கும். அப்புறம் மறுபடி சுத்திகரித்து, மறுபடி அனுப்பி... முதல் வருடத்தில் பாதி இப்படியே போனது. கருவி பக்கத்தில் இருந்திருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எம்.எஸ்சி. கையில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஜெர்மனி. பெரும்பாலும் 3 முதல் 4 வருடத்தில் முடிகிறது, வகுப்புகள் குறைவு, சேர்ந்த வாரமே லேபில் நிற்கலாம். பல இடங்களில் ஒப்பந்தம் போட்டு ஊழியராகவே எடுக்கிறார்கள். அங்குள்ள அரசுத்துறை ஊதிய அட்டவணையின் இ13 சம்பள நிலையில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு வரும், மருத்துவக் காப்பீடும் விடுப்பும் சேர்த்து. பேராசிரியருக்கு நேரடியாக மெயில் எழுதி இடம் கேட்கலாம். கைடை அங்கே 'டோக்டர்ஃபாட்டர்', அதாவது முனைவர்-அப்பா என்பார்கள். அந்த ஒருவரை நம்பித்தான் எல்லாம், அதனால் எழுதும் முன் அவருடைய பழைய மாணவர்களிடம் கட்டாயம் விசாரியுங்கள்.

அமெரிக்கா நீளம். 5, 6 வருடம் சாதாரணம். முதல் வருடம் வகுப்பு, கூடவே இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டைபண்டும் கல்விக் கட்டண விலக்கும். நம் எம்.எஸ்சி.யில் படித்ததையே திரும்பப் படிக்கிறோமே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான துறைகளில் சேர்ந்த பிறகு சில மாதம் லேப்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்கலாம். கரிமமா கனிமமா என்றே இன்னும் முடிவு செய்யாதவருக்கு அந்தச் சில மாதம் பெரிய வரம்.