சிறுநீரா, உமிழ்நீரா? மருத்துவமனையா, நடமாடும் சேவையா? அமெரிக்க லாரி நிறுவனங்களின் போதைச் சோதனைச் சேவைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வணிக ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் கனரக லாரிகளை இயக்கும் நிறுவனம், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தன் ஓட்டுநர்களைப் போதைப்பொருள், மதுச் சோதனைகளுக்கு உட்படுத்தியே ஆக வேண்டும். 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில் நடந்த ரயில் மோதலில் 16 பேர் இறந்ததும், சரக்கு ரயில் எஞ்சின்களை இயக்கியவர்கள் கஞ்சா பயன்படுத்தியிருந்தது தெரியவந்ததும் இச்சோதனைகளைக் கட்டாயமாக்கிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. சோதனை நடக்க வேண்டிய முறையை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் 40ஆம் பகுதி விதிகள் வகுத்திருக்கின்றன.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனங்கள் முதலில் பார்ப்பது விலையைத்தான். ஆனால் மாதிரியைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகங்கள் யாவும் கூட்டாட்சி அரசின் சான்று பெற்றவை. முடிவைச் சரிபார்ப்பவரும் உரிமம் பெற்ற மருத்துவர். மாதிரியை எடுப்பவருக்கு மட்டும் அரசு எந்தச் சான்றிதழும் வழங்குவதில்லை. பயிற்சி பெற்றதற்கான ஆவணங்களை அவரே வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே சேவைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இந்த ஒருவரிடத்தில்தான் தொடங்குகிறது.

சிறுநீர்ச் சேகரிப்பாளர் விதிகளைப் படித்து, பயிற்சி முடித்து, அதன்பின் தகுதியுள்ள ஒருவரின் கண்காணிப்பில் ஐந்து ஒத்திகைச் சேகரிப்புகளைத் தொடர்ச்சியாக, ஒரு பிழையுமின்றி நடத்திக் காட்ட வேண்டும். அவற்றில் இரண்டு இயல்பானவை. மற்ற மூன்றில் அளவு போதாமை, வெப்பநிலை வரம்பு மீறல், ஊழியர் படிவத்தில் கையெழுத்திட மறுத்தல் ஆகிய சிக்கல்கள் வரும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி உண்டு. அவருடைய தவறால் ஒரு சோதனை ரத்தானால், அது தெரிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் அந்தத் தவறு குறித்துத் தனிப் பயிற்சியும் பெற வேண்டும். இந்தக் கடைசி ஆவணத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி மாதிரிகளைப் பார்ப்போம். சிறுநீர் குறைந்தது 45 மில்லிலிட்டர் வேண்டும். அது 30, 15 என இரு புட்டிகளில் பிரிக்கப்படும். நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊழியர் மாதிரியில் தண்ணீர் கலந்துவிடாதபடி கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலப்பது, குழாயை அடைப்பது, மாதிரியை மாற்றிவிட்டதாகத் தெரிந்தால் அதே பாலினத்தவர் ஒருவர் நேரில் பார்த்திருக்க மீண்டும் சேகரிப்பது எனக் காவல் வேலையே மிகுதி. ஊழியரால் போதிய அளவு கொடுக்க முடியாவிட்டால் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

2023 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் உமிழ்நீரையும் ஏற்றது. இங்கே ஒவ்வொரு சேகரிப்பும் சேகரிப்பாளரின் கண்ணெதிரே நடப்பதால் ஏமாற்றும் வழிகள் பெரிதும் அடைபடுகின்றன. தனிக் கழிப்பறையும் வேண்டாம். வாயைச் சோதித்துப் பத்து நிமிடம் பொறுத்து, இரு பகுதியாக, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் போதும். இதற்கும் ஐந்து ஒத்திகைகள் உண்டு. கூடவே, பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயிற்சியும் கட்டாயம். சிறுநீர்ச் சேகரிப்பில் பல ஆண்டு பழகியவர் என்பதற்காக ஒருவர் உமிழ்நீர் எடுக்கத் தகுதி பெற்றுவிடுவதில்லை. மேலும், கூட்டாட்சி அரசின் சுகாதார, மனிதநலத் துறை குறைந்தது இரண்டு ஆய்வகங்களுக்கு உமிழ்நீருக்கான சான்று வழங்கினால்தான் இம்முறையைக் கையாள முடியும் என்பது விதியிலேயே உள்ள நிபந்தனை. எனவே இதை விற்க வருபவரிடம் எந்த இரண்டு ஆய்வகங்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

கண்டறியும் காலத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. கஞ்சாவின் சிதைவுப் பொருள், அதைத் தொடர்ந்து பயன்படுத்துபவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கக்கூடும். உமிழ்நீரிலோ அண்மையில் பயன்படுத்தியதைக் காட்டும், இன்னும் சிதையாத கஞ்சாப் பொருளே தேடப்படுகிறது. வேலைக்குச் சேரும் முன் நடக்கும் சோதனைக்குச் சிறுநீரும், விபத்துக்குப் பிந்தைய சோதனைக்கு உமிழ்நீரும் பொருத்தம் என்பது என் கருத்து.

சேவை வடிவங்களில், அருகிலுள்ள சிறு மருத்துவமனை (‘அர்ஜென்ட் கேர்’ எனப்படும், பெரும்பாலும் இரவில் மூடிவிடும் இடம்) பகல் நேரத் திட்டமிட்ட சோதனைகளுக்கு ஏற்றது. அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், அன்று பணியிலிருப்பவரின் தகுதியைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். சொந்த அலுவலர் ஒருவருக்குப் பயிற்சி அளிப்பது மலிவாகத் தோன்றும். ஆனால் வேறு யாருமே கிடைக்காத நிலை தவிர, நேரடி மேற்பார்வையாளர் தன் ஊழியரிடம் மாதிரி எடுக்கக் கூடாது. நான்கு லாரி வைத்திருக்கும் நிறுவனத்தில் முதலாளியேதான் மேற்பார்வையாளர்! அதனால் இந்த வழியைச் சிறு நிறுவனங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடமாடும் சேகரிப்பாளருக்குக் கட்டணம் கூடும், இரவென்றால் இன்னும் கூடும். எனினும் விபத்துக்குப் பின் மதுச் சோதனையை எட்டு மணி நேரத்துக்குள்ளும் போதைப்பொருள் சோதனையை 32 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். மதுச் சோதனை இரண்டு மணி நேரத்தைக் கடந்தாலே காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் ஓட்டுநருக்கு மூடிக் கிடக்கும் மருத்துவமனையால் பயனில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மது அளவைக் காணும் மூச்சுச் சோதனையை நடத்துபவருக்கான தகுதி முற்றிலும் தனி; ஐந்துக்குப் பதில் ஏழு ஒத்திகைகளைப் பிழையின்றி முடித்திருக்க வேண்டும். முதல் அளவீடு 0.02 (210 லிட்டர் மூச்சுக் காற்றில் 0.02 கிராம் மது) அல்லது அதற்கு மேல் வந்தால், குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து உறுதிச் சோதனை செய்வதும் அவர் பொறுப்பு. சேகரிப்பாளருக்கான ஆவணம் மட்டும் உள்ளவரை அந்த நேரத்தில் அனுப்பிவைத்தால் போதைப்பொருள் மாதிரி கிடைத்துவிடும். மதுச் சோதனைக்கு வேறொருவரைத் தேடுவதற்குள் எட்டு மணி நேரம் கடந்துவிடக்கூடும். ஆகவே ஒப்பந்தத்தில் இரு தகுதிகளும் ஒருவருக்கே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குவது, கட்டணத்தில் சில டாலர் குறைப்பதைவிடப் பயனுள்ளது.