விளையாட்டுக் காசுப் பெட்டி: ஒரு தவணை பாவித்த பிறகு

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடையில் 950 ரூபாவுக்கு வாங்கிய விளையாட்டுக் காசுப் பெட்டி இது. என் தரம் 4 பிள்ளைகள் 31 பேரோடு ஒரு தவணை முழுக்கப் பாவித்துவிட்டேன்.

வகுப்பில் ஆளுக்கொரு வேலை: கரும்பலகை துடைப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கொப்பி சேர்ப்பது. வெள்ளிக்கிழமை சம்பளம் 100 ரூபா. மேசை வாடகை 40 போக மிச்சத்தில் வகுப்புக் கடையில் பென்சில், றப்பர் வாங்கலாம். புள்ளிக்கோ வீட்டுப்பாடத்துக்கோ காசு கொடுப்பதில்லை. படிப்பை விலை பேசக் கூடாது, அதில் நான் பிடிவாதம்.

பெட்டியின் பெரிய குறை சில்லறை. 1000, 5000 தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 20 ரூபாத் தாள் முதல் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 5000 எதற்கு? இன்னொரு பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. தாளும் மெல்லிசு, வியர்த்த கையில் ஒட்டிக் கிழிகிறது. நம் நாட்டு நிஜத் தாள்களில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கும். இதில் வெறும் எண்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்ததும் ஒருவிதத்தில் நல்லது. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் மேயும் மான்களைப் பிள்ளைகள் அதில் வரைந்துவிட்டார்கள். இப்போது எங்கள் காசுக்குப் பெயரே மான்காசு.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது சின்னச் சேமிப்புப் புத்தகம். வைப்பு, மீளப்பெறல், மீதி என்று வங்கிப் புத்தகம் போலவே கட்டம் போட்டிருக்கிறது. பெட்டிக்குப் பத்துத்தான்; மற்றவர்களுக்கு நானே கொப்பித் தாளில் தைத்துக் கொடுத்தேன். 50 ரூபாவை ஒரு கிழமை எடுக்காமல் வைத்தால் 5 ரூபா வட்டி. முதல் இரண்டு கிழமை ஒருவரும் போடவில்லை, எல்லாம் ஸ்டிக்கருக்கே போனது.

மூன்றாம் கிழமை, மீனவர் வாழும் திருக்கடலூர்ப் பிள்ளை ஒருத்தி மிச்சம் 60 ரூபாவையும் அப்படியே நீட்டினாள். ஏன் என்று கேட்டேன்.

"வாடைக்கு அப்பா கடலுக்குப் போகமாட்டார் டீச்சர். அப்பதான் அம்மா காசு டின்னைத் திறப்பா. அதுக்கு முதல் தொடவும் விடமாட்டா."

வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளி ஏழு பேர் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். நான் பாடமாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். அவள் தவணை முடிவில் 300 ரூபாவுக்கு நிறப்பென்சில் பெட்டி எடுத்தாள். புத்தகத்தில் மீதியும் இருந்தது.

வாங்குகிற ஆசிரியர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து 20 ரூபாத் தாள்களை எண்ணிப் பாருங்கள். சேமிப்புப் புத்தகம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த தவணைக்கு எனக்கு 31 வேண்டும்.